பெயர்ப்பலகையில் ஒரு வரி

தஞ்சாவூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி பரிதிக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. மஸ்கட்டில் உனக்கு இருமல் விட்டதா என்று கேட்கச் சொன்னாள். வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். அது சரி என்றா, பார்த்தேன் என்றா, தொந்தரவு செய்யாதே என்றா என்று எனக்கு விளங்கவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால் இனி மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதப்போகிறேன்.

புறவழிச் சாலைக் கட்டடத்தில் வேலை தொடங்கிவிட்டது. உரக்கிடங்காக இருந்த இடம். சுவரைச் சுரண்டிப் பூசியும் யூரியா வாசனை போகவில்லை. நீ அனுப்பிய சென்னை பிராண்ட் ஆலோசகர் செந்தில்குமார் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், இந்த இடத்துக்கு ஒரு ஆன்மா இருக்கு" என்றார். உணவகத்துக்கு ‘நடவு’ என்று பெயர் வைக்க வேண்டுமாம். "இப்ப யாரும் சாப்பிடறதுக்கு ஓட்டலுக்குப் போறதில்ல. கதைக்காகத்தான் போறாங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஹாஜா மைதீன், "அப்ப மீன் எவ்வளவு எடுக்கட்டும்?" என்று கேட்டார். செந்தில்குமார் அதைச் சிரிக்க வேண்டிய பேச்சாக எடுத்துக்கொண்டார்.

உன் பேச்சை நம்பி மஸ்கட் மெஸ் வேலையை விட்டுவிட்டு நாகப்பட்டினம் வந்து சேர்ந்த மனிதர் என்பதால், சமையற்கட்டை ஹாஜா சொன்னபடியே வரைந்திருக்கிறேன். மீன் கழுவ ஒரு பக்கம், பொரிக்க ஒரு பக்கம். சாப்பிடுகிறவர்கள் பார்க்கும்படி நடுவே பெரிய திறப்பு.

ஒரே ஒரு கேள்வி. நீயும் ஹாஜாவும் அங்கே மஸ்கட் அறையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தபடி, பலகையில் பெயருக்குக் கீழே ‘சமையல்: ஹாஜா மைதீன்’ என்ற வரி வருமா? செந்தில்குமார் காட்டிய மாதிரியில் அது இல்லை. உண்டு, இல்லை என்று ஒரு சொல் எழுது.

உன் அக்கா,
மதிவதனி

*

மஸ்கட்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. அம்மாவைப் படி ஏற விடாதே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘நடவு’ அருமையான பெயர். எழுத்து கையால் எழுதியது போல இருக்கட்டும். ‘ட’வின் கால் கொஞ்சம் நீளலாம். பச்சை நாற்றின் பச்சையாக இருக்க வேண்டும், குளத்துப் பாசி போல ஆகிவிடக் கூடாது. கை துடைக்கக் காகிதம் வேண்டாம், கட்டம் போட்ட துணி வை. நாற்காலிகளுக்கு வேங்கை கிடைக்குமா என்று பார்.

வாசலை ஒட்டி ஒரு சிலை வைக்க வேண்டும் என்று செந்தில்குமார் சொல்கிறார். நாற்றுக்கட்டு தூக்கிவரும் பெண். சுவாமிமலையில் வெண்கலத்தில் வார்த்துவிடலாம். முகத்துக்கு அம்மாவின் படத்தையே கொடு. ஆதார் படம் வேண்டாம். சித்தி மகள் செம்மொழி கல்யாணத்தில் சிரிக்கிறாளே, அது. நம் அம்மா நடவு நட்டுத்தான் நம்மைப் படிக்க வைத்தாள் என்று சொன்னபோது செந்தில்குமார் அழுதுவிட்டதாகச் சொன்னார். வீடியோ தெளிவில்லாததால் என்னால் பார்க்க முடியவில்லை.

ஹாஜாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பரிதி

*

தஞ்சாவூர்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள பரிதிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ விசாரித்ததை ஹாஜாவிடம் சொன்னேன். "வேற ஒண்ணும் எழுதலையாக்கா?" என்றார். நாற்காலிக்கு வேங்கை என்று எழுதியிருக்கிறான் என்றேன்.

அம்மாவோடு சுவாமிமலை போனேன். பஞ்சநதம் ஸ்தபதியின் பட்டறையில் உட்கார இடமில்லை, அவ்வளவு வேலை. எங்களை நிற்க வைத்தே சிங்கப்பூருக்கு விலை பேசினார். படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்து, "முகம் நல்லா வரும்" என்றார். அம்மா என் காதில், "இந்த வயசுல திரும்ப என்னை நாத்து தூக்க வச்சிட்டானே உன் தம்பி. இத்தன வெண்கலம் வாங்குறவன் என் முட்டிக்குக் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்" என்றாள்.

பஞ்சநதம் ஒன்று கேட்டார். "கண்ணு தொறக்கணுமா?" கோவிலுக்குப் போகிற சிலை என்றால் கடைசியாக நல்ல நாள் பார்த்து, பூசை போட்டு, கண்மணியை உளியால் வெட்டித் திறப்பார்களாம். திறந்துவிட்டால் அது பொம்மை இல்லை, தெய்வம். தினமும் விளக்கு வைக்க வேண்டும். காட்சிக்கு என்றால் அப்படியே விட்டுவிடுவார்களாம். "காட்சிக்குத்தான். மீன் ஓட்டல்" என்றேன். "அப்ப வேணாம்" என்று குறித்துக்கொண்டார்.

சிலைக்கு இடம் வரைந்துவிட்டேன். கருங்கல் பீடம், மூன்று பக்கமும் இருண்ட சுவர், மேலே வெளிச்சம் விழ ஒரு துளை. நாற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது வெளியே போக வடக்குப் பக்கம் கல்லில் ஒரு வாய். பிளம்பர் துரைராசு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு குழாய் வாங்கப் போய்விட்டார்.

பலகையில் அந்த வரி உண்டா? உன் கடிதத்தில் பதில் விட்டுப்போயிருக்கிறது.

மதிவதனி

*

மஸ்கட்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு வேலையைத்தான் சொல்ல வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாளை இங்கே பெருநாள்; ஹாஜாவுக்கும் அவன் வீட்டாருக்கும் என் வாழ்த்தைச் சொல்.

பீடத்தின் படம் பிரமாதம். செந்தில்குமார் அதைத் தன் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். சில சின்ன மாற்றங்கள் மட்டும். சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் அந்தத் திறப்பு வேண்டாம், சுவராகவே இருக்கட்டும். மெனு அட்டையில் மீன் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும், முதல் பக்கத்தில் பாரம்பரிய அரிசி வகைகள் வரட்டும். குடும்பத்தோடு வருகிறவர்கள் எடுத்ததும் மீன் தலையைப் பார்க்க விரும்புவதில்லை என்று ஓர் ஆய்வு சொல்கிறது.

பஞ்சநதத்துக்கு நீ இனி போன் செய்து அலைய வேண்டாம். அவரோடு நான் தொடர்பில் இருக்கிறேன்.

நாற்காலி பற்றி எழுது.

அன்புடன்,
பரிதி

*

தஞ்சாவூர்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள பரிதிக்கு,

வெயில் கொளுத்துகிறது. அதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நாற்காலி வந்துவிட்டது; வேங்கைதான்.

சிலையும் வந்துவிட்டது. சாக்கை அவிழ்த்ததும் அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "கண்ணு தொறந்திருக்கே" என்றாள். திறந்துதான் இருக்கிறது. பஞ்சநதத்தைக் கேட்டேன். "போன்ல தொறக்கச் சொன்னாங்களே? வளர்பிறையில பூசை போட்டுத்தான் தொறந்தேன்" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

பீடத்தில் ஏற்றிய மறுநாள், சித்தாள்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலில் ஒரு செவ்வந்திப்பூ, பிறகு குங்குமம். இந்த வாரம் யாரோ மஞ்சள் புடவை சாத்திவிட்டார்கள், வேலைப்பாடெல்லாம் மறைந்துவிட்டது. வடக்குப் பக்கத்து வாயில் சொட்டுகிற தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். கருங்கல், இருட்டு, வடக்கே தீர்த்தம் விழ ஒரு கோமுகி. நான் கட்டியது கருவறை என்று துரைராசுவுக்குப் பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கிறது. "படிச்சவங்க வரையறீங்க, காரணம் இருக்கும்னு நெனச்சேன்" என்கிறார். வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். காலையில் வந்தபோது யாரோ அழகாகக் கொத்தி எடுத்திருந்தார்கள்.

ஹாஜா முதலில் சிரித்தார். "பரவாயில்லக்கா, நாகூர்ல நான் பாக்காத கூட்டமா? கும்புட்டுட்டு சாப்புட உள்ள வரட்டும்" என்றார். இப்போது இரண்டு நாளாகச் சமையற்கட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போகிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. நீ சொன்னாயா?

பலகைக்குச் சென்னையில் எழுத்து வெட்டத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. அந்த வரி உண்டா?

மதிவதனி

*

மஸ்கட்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். உடனே எழுதுகிறேன்.

பூவை எடுக்காதே. புடவையை எடுக்காதே. அந்த வாயை அடைக்காதே. யாரோ எடுத்த வீடியோ இங்கே மஸ்கட் வரை வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர் என்னிடமே காட்டி, "உங்க ஊர்ப்பக்கம் ஒரு அம்மன் தானா வந்திருக்காம்" என்றார். இப்படி ஒரு விளம்பரம் எந்த ஆலோசகராலும் தர முடியாது என்று செந்தில்குமாரே ஒப்புக்கொள்கிறார். மக்கள் விரும்புகிறார்கள். நாம் தடுக்க யார்?

ஆடிப்பெருக்கன்று திறக்கிறோம். ஆற்றங்கரைக்கு வருகிற கூட்டம் அப்படியே நம்மிடம் வரும். நான் முந்தின நாள் வந்துவிடுவேன்.

அன்புடன்,
பரிதி

*

தஞ்சாவூர்
9 ஜூன் 2025

அன்புள்ள பரிதிக்கு,

அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நேற்று அவளையும் அழைத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போனேன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தியாகராசன் என்பவர் ஆட்களோடு வந்திருந்தார். ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர். பூர்வீகம் நம் குத்தாலம் பக்கம், பெரிய மிராசு என்று அவரே சொன்னார். அம்மா மருந்துப் பையோடு சிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. அம்மனை மறைக்குது" என்றார்.

அம்மா தள்ளி நின்றாள். அவர் அம்மாவின் முகத்துக்கு முன்னால், அம்மாவின் வெண்கல முகத்துக்கு முன்னால், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். துண்டை உதறிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நாங்க வம்புக்கு வரலைங்க. கண்ணு தொறந்த அம்மன். எதிர்ல மீன் பொரிச்சா ஊருக்கு ஆகாது."

"அது அம்மன் இல்லைங்க. நாத்து நடப்போற பொம்பளை."

"உங்களுக்கு அப்படித் தெரியுது."

அம்மா குறுக்கே வந்தாள். "ஏங்க, எங்க ஊரு காளிக்குக் கிடா வெட்டுறாங்களே. இவளுக்கு மட்டும் ஏன் சாம்பாரு?"

"அது காவல் தெய்வம்மா, அது வேற. இந்த முகத்தைப் பாரு. பாத்தாலே தெரியலையா? சைவ முகம்."

அன்று காலை காய்ச்சலுக்கு நண்டு ரசம் குடித்த முகம், பரிதி.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "சமையல்காரர் யாருன்னும் விசாரிச்சோம். நாங்க ஒண்ணும் சொல்லல. ஊர்ல பலதும் பேசுவாங்க" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஹாஜா வாணலி தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அவர்கள் போன பிறகு ஹாஜா வெளியே வந்தார். "அக்கா, நான் இருக்கணும்னாலும் போகணும்னாலும் பரிதி சொல்லட்டும். அவன் வாயால சொல்லட்டும். வேற யாரு சொன்னாலும் எனக்கு அது சேதியில்ல" என்றார். உனக்குப் பலமுறை போன் செய்தாராம்.

ஆட்டோவில் வரும்போது அம்மா, "அவங்க அப்பா வயல்ல நான் நட்டிருக்கேன். புள்ள இவ்வளவு மரியாதக்காரனா இருப்பான்னு தெரியாமப் போச்சு" என்றாள்.

இதற்குப் பதிலை மட்டும் எழுது. வேறு எதையும் எழுதாதே.

மதிவதனி

*

தஞ்சாவூர்
13 ஜூலை 2025

பரிதிக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து பலகை வந்துவிட்டது.

‘ட’வின் கால் நீ கேட்டபடி நீண்டிருக்கிறது. பச்சை சரியான பச்சை. பெயருக்குக் கீழே ஒரு வரியும் இருக்கிறது: ‘சுத்த சைவம்’.

லாரியிலிருந்து அதை இறக்க ஆள் போதவில்லை. ஒரு முனையை ஹாஜாதான் பிடித்தார். சுவரில் சாய்த்து வைத்து, காகிதத்தைக் கிழித்து, நின்று படித்தார். "எழுத்து நல்லா வந்திருக்குக்கா" என்றார்.

மதிவதனி

*

மஸ்கட்
16 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை, மனம்தான் சரியில்லை. பலகை அவ்வளவு சீக்கிரம் வரும் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் விவரமாக எழுதிவிடலாம் என்றிருந்தேன்.

இது தற்காலிக ஏற்பாடு. முதல் இரண்டு வருடம் சைவம், பெயர் நிலைத்த பிறகு நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தாற்போல இரண்டாவது கிளை, அது முழுக்க ஹாஜாவுடையது. செந்தில்குமார் அதற்கு இப்போதே ஒரு பெயர் வைத்திருக்கிறார். தியாகராசன் அய்யா மாதிரி ஆட்களைப் பகைத்துக்கொண்டு ஒரு புதுக் கடையை நடத்த முடியுமா? நீ அங்கே இருக்கிறாய், உனக்குத் தெரியாததா? பயந்து செய்தேன் என்று நினைக்காதே. நாளைக்கு ஏதாவது கலவரம் என்றால் முதலில் அடிபடப்போவது ஹாஜாதான். அவனுடைய நன்மைக்கும் சேர்த்துத்தான் யோசித்தேன்.

அவனிடம் நீயே பக்குவமாகச் சொல். நான் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்வான். நீ பேசினால் கேட்பான், உன்மேல் அவனுக்கு மரியாதை.

திறப்பு விழாவில் அம்மா விளக்கேற்ற வேண்டும். சிலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், முகம் ஒன்றாக இருப்பது படத்தில் தெரிந்துவிடும். ஏற்றிவிட்டு உள்ளே போய்விடட்டும்.

அன்புடன்,
பரிதி

*

தஞ்சாவூர்
27 ஜூலை 2025

பரிதிக்கு,

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம்.

பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். நான் சொல்லவில்லை. என்னிடம் இருந்த மரியாதையை உனக்குக் கடனாகக் கொடுக்க மனம் வரவில்லை. ஹாஜாவும் என்னிடம் கேட்கவில்லை. வியாழக்கிழமை வேன் கொண்டுவந்து தன் வாணலிகளை ஏற்றினார். புதிதாக வந்திருக்கும் சமையல்காரருக்கு அடுப்பில் எந்தப் பக்கம் தீ அதிகம், எந்தக் குழாய் கசியும் என்று காட்டிக்கொடுத்தார். அந்த ஆள் இவரை பிளம்பர் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் கேட்டார். அதையும் காட்டினார்.

கிளம்புமுன் வீட்டுக்கு வந்தார். அம்மா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூடும்மா" என்றார். "நாளைக்கு வந்து நீயே வையி" என்றாள் அம்மா. அவர் எழுந்து தட்டைக் கழுவி வைத்தார். எங்கே போகிறார் என்று வாசலில் கேட்டேன். சொன்னார். உனக்கு எழுதச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

அம்மா விளக்கேற்ற வரமாட்டாள். என் காலில் நானே விழ முடியாது என்கிறாள். நானும் வரவில்லை. வரைபடங்களும் சாவியும் துரைராசுவிடம் இருக்கின்றன. கோமுகியை மட்டும் யாரும் இனி மெனக்கெட்டுக் கொத்த வேண்டியதில்லை, தண்ணீர் தடையில்லாமல் போகிறது.

நீ ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. சாப்பாடு இருக்கும். அம்மா என்ன சமைப்பாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

மதிவதனி

*

மஸ்கட்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

‘நடவு’ நன்றாகப் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் வரிசை சாலை வரை நிற்கிறதாம். பாதிப் பேர் கும்பிட்டுவிட்டுப் பொங்கல் இலவசமா என்று கேட்டுப் போய்விடுகிறார்கள். தியாகராசன் அய்யா ஒரு கமிட்டி அமைத்திருக்கிறார். இரவில் அம்மன் தனியாக இருப்பதால் கூடத்தை ஏழு மணிக்கு மூடிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். செந்தில்குமார் போனை எடுப்பதில்லை.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. வந்த அன்றே மெஸ்ஸுக்குப் போனேன். கரண்டியோடு ஹாஜா நிற்கிறான். பழைய கான்ட்ராக்டரே மறுபடி விசா எடுத்துக் கொடுத்திருக்கிறார். உனக்குத் தெரிந்திருக்கும்.

தட்டை நீட்டினேன். "வா பரிதி. அம்மா, அக்கா எல்லாம் சுகமா?" என்றான். சுகம் என்றேன். அன்று வஞ்சிரம் குழம்பு. எனக்கு முன்னால் நின்ற மலையாளிக்கு இரண்டு துண்டு வைத்து ஊற்றினான். எனக்குச் சோறு வைத்தான். வேறு பாத்திரம் எடுத்து சாம்பார் ஊற்றினான். முட்டைக்கோஸ் பொரியல் வைத்தான். "உனக்குச் சைவம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. வரிசை நகரவில்லை என்று பின்னால் சத்தம் போட்டார்கள். நான் நகர்ந்தேன்.

மறுநாளும் அப்படித்தான். இப்போது பரிமாறுகிற எல்லோருக்கும் நான் சைவம் என்று தெரிந்துவிட்டது. என்னைக் கண்டதும் மீன் பாத்திரத்தை மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிரியாணி. எனக்கென்று தனியாகத் தயிர்சாதம் தாளித்து, இஞ்சியும் மாதுளையும் போட்டு, மூடி வைத்திருந்தான். மிகவும் நன்றாக இருந்தது, அக்கா.

அறைக்குப் போய்ப் பேசலாம் என்று ஒருநாள் கதவு வரை போனேன். உள்ளே ஐந்தாறு பேரோடு சிரித்துக்கொண்டிருந்தான். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை, திரும்பிவிட்டேன்.

உணவகத்துக்குப் பணம் வேண்டுமே என்று, ஊருக்கு வருமுன் இங்கே என் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித்திருந்தேன். இந்தக் காம்ப்பில் வேறு மெஸ் இல்லை.

மற்றபடி நலம்.

பரிதி